லைனில் போடாத மாத்திரை

பாலாநகரில் ஒரு பம்ப் கம்பெனி கோடவுன் வாசலில் லாரியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். இடது பக்கக் கண்ணாடியில் சுவர் தெரியவில்லை. நீர்த்த பாலை ஊற்றிவிட்டது போல ஒரே வெளுப்பு. மூட்டை இறக்கும் ஹமாலி ஒருவரைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னேன். அவர் தோள் துண்டால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐனா சாஃபிச் ஹை, உஸ்தாத். ஆங்க் தோலோ," என்றார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது, போய்க் கண்ணைக் கழுவு என்று அர்த்தம்.

கழுவினேன். வெளுப்பு போகவில்லை. பிடரியில் ஒரு வாரமாக இருந்த வலி அப்போது நெற்றிக்கு வந்திருந்தது. தூக்கம் இல்லாததால் என்று நினைத்தேன். லைன், அதாவது வெளியூர் லோடு, ஓட்டுகிறவனுக்கு எந்த நோய் வந்தாலும் அவன் முதலில் நினைப்பது அதைத்தான். கோடவுன் மேனேஜர் என்னைத் தெருமுனை கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கிருந்த டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றினார். மெஷின் எர்ரர் காட்டியது. மறு கையில் சுற்றினார். மேலே இருநூற்று முப்பதைத் தாண்டி ஏதோ ஒரு எண், கீழே நூற்று நாற்பதுக்குப் பக்கம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தன் கையிலேயே சுற்றிப் பார்த்தார். அவருக்குச் சரியாகக் காட்டியது. உடனே எழுந்து நின்றுவிட்டார்.

"வண்டிச் சாவியை யார்கிட்டயாவது குடுங்க. ஆட்டோவுல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நடக்காதீங்க," என்றார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திண்டுக்கல் பக்கம் பிறந்து, சோலாப்பூரில் மில் கேன்டீன், கோவாவில் மணல் படகு, நாக்பூரில் ஆரஞ்சு லோடு என்று சுற்றியவன். செகந்திராபாத்தில் ஸ்டெல்லாவைக் கட்டிய பிறகும் சுற்றுவது நிற்கவில்லை. லாரி ஓட்டினால் சுற்றுவதற்குச் சம்பளமே தருகிறார்கள். இதை எழுதுவது என்னைப் போல லைன் ஓட்டுகிறவர்களுக்காக. படிக்க வசதியில்லாதவர்களுக்கு யாராவது படித்துச் சொல்லுங்கள்.

பிரஷர் என்றால் என்னவென்று ஆஸ்பத்திரியில்தான் எனக்குப் புரியும்படி சொன்னார்கள். இதயம் ஒரு பம்ப். அது அழுத்தி ரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் இருக்கும் அழுத்தம் மேல் எண். அடுத்த அழுத்தலுக்கு முன் ஓய்வெடுக்கும்போது இருப்பது கீழ் எண். ஓய்விலும் என் குழாய்கள் ஓய்வெடுக்கவில்லை. லாரியில் ஏர் பிரஷர் மீட்டர் இருக்கிறது, காற்று இறங்கினால் பஸ்ஸர் கத்தும், வண்டியை ஓரங்கட்டுவோம். உடம்பில் ஏறினால் எதுவும் கத்தாது. எனக்கு எத்தனை வருடமாக ஏறியிருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எமர்ஜென்சியில் ட்ரிப் போட்டார்கள். சட்டென்று இறக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படிச் செய்யக் கூடாதாம். மூளை அந்த அழுத்தத்துக்குப் பழகிவிட்டது, ஒரேயடியாக இறக்கினால் அதற்கு ரத்தம் பத்தாமல் போய்விடும். அதனால் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். கையில் கட்டிய பட்டை கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானாக உப்பி இறுக்கியது. கண் அசரும்போதெல்லாம் யாரோ கையைப் பிடித்து, இன்னும் இருக்கிறாயா என்று கேட்பது போல இருந்தது.

ஸ்டெல்லா ஹப்சிகுடாவில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அவள் குடும்பம் செகந்திராபாத்துக்கு வந்து மூன்று தலைமுறை. தகவல் தெரிந்ததும் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். எங்கள் மகள் ஜென்னி காலேஜிலிருந்து நேராக வந்தாள். ஜென்னிக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேச்சுதான் எந்த மொழியில் வரும் என்று சொல்ல முடியாது. அரசாங்கக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு கவுன்டர் கவுன்டராகத் தெலுங்கில் சண்டை போட்டவள் அவள்தான். இந்தப் பரிசோதனை அட்டையில் வராது, அந்த ஊசி வராது என்று ஒவ்வொன்றாக அவர்கள் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் திரும்ப ஓடினாள். ஸ்டெல்லாவின் கையில் வளையல் இல்லாததை நான் மூன்றாம் நாள்தான் கவனித்தேன்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். உடம்பைக் கிழிக்காமல் ரத்தக் குழாயை நேராகப் பார்க்க முடிகிற இடம் கண் ஒன்றுதானாம். உள்ளே அங்கங்கே ரத்தம் கசிந்திருந்தது. வெளுப்புக்கு அதுதான் காரணம். கண் மெதுவாகத் தெளியும் என்றார் கண் டாக்டர். பிறகு, கண்ணில் இப்படி என்றால் கிட்னியைப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

ஸ்கேன் எடுத்தவர் முதலில் பேசிக்கொண்டுதான் இருந்தார். எந்த ஊர், என்ன வேலை என்றெல்லாம் கேட்டார். கருவியை விலாவுக்குக் கீழே அழுத்தியதும் பேச்சு நின்றது. அந்தப் பக்கம் திரும்பிப் படு என்று மட்டும் சொன்னார்.

கிட்னி டாக்டர் ஒரு தெலுங்குக்கார அம்மா. குரலை உயர்த்தாமல் பேசுவார். அவர் தெலுங்கில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கியிருக்கு. ரத்தத்துல இருக்கிற கழிவை வடிகட்டுறது அதோட வேலை. கிரியேட்டினின்னு ஒரு கழிவு இருக்கு. அது ரத்தத்துலயே தங்கினா வடிகட்டி அடைச்சிருக்குன்னு அர்த்தம். உங்களுக்கு நிறையத் தங்கியிருக்கு."

"சரியாயிடுமா?" என்றாள் ஸ்டெல்லா.

"போனது திரும்பாதும்மா. மீதி இருக்கிறது நிக்குமான்னுதான் பாக்கணும். பிரஷரைக் கட்டுப்படுத்தினா நிக்கலாம். நிக்கலேன்னா டயாலிசிஸ். வாரத்துல மூணு நாள் வந்து மெஷின்ல படுக்கணும்."

"எவ்வளவு நாளைக்கு?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஆயுள் முழுக்க என்று அதிலேயே புரிந்துவிட்டது.

மற்றவர்களுக்கு அது ஒரு சிகிச்சையாகத் தெரியலாம். வாரத்தில் மூன்று நாள் ஒரே ஊரில், ஒரே கட்டிலில் படுக்க வேண்டும் என்றால் நான் நாக்பூர் போய்த் திரும்ப முடியாது. விஜயவாடாகூட முடியாது. பதினான்கு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். ஒரு இடத்தில் கட்டிப் போட்டுவிடுவார்கள் என்ற பயம்தான் எனக்கு வந்தது. சாவு அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

டாக்டர் பிறகு கேட்டார். "இது ஒரு நாள்ல வந்ததில்ல. வீட்டுல பிரஷர் பாத்ததே இல்லையா?"

ஸ்டெல்லாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஹவ், ஆமா டாக்டர், பாத்தோம். எங்க அப்பா வெச்சிருந்த மெஷின் இருக்கு. நாலு வருஷமா மாத்திரை சாப்பிடுறாரு. ஞாயித்துக்கிழமை தப்பாம நாந்தான் பாப்பேன். நூத்தி முப்பத்தஞ்சுக்கு மேல போனதே இல்ல. உங்க மெஷின் என்னமோ..."

டாக்டர் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாத்திரை தினமும் போடுவீங்களா?"

"வீட்டுல இருக்கிற நாள்ல போடுவேன்."

"மத்த நாள்ல?"

"லைன்ல இருப்பேன்."

"லைன்ல போட்டா என்ன?"

"ஒண்ணுக்கு வரும் டாக்டர்."

பின்னால் நின்ற படிக்கிற டாக்டர் பெண் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

என் மாத்திரையில் தண்ணீர் மருந்து ஒன்று கலந்திருந்தது. உடம்பில் இருக்கும் உப்பையும் தண்ணீரையும் சிறுநீராக வெளியேற்றிப் பிரஷரைக் குறைக்கிற மருந்து. வீட்டில் இருப்பவனுக்கு அது நல்ல மருந்துதான். இருபது டன் லோடோடு போகிறவன் மணிக்கொரு தரம் எங்கே நிறுத்துவான்? நிறுத்தினால் டீசல் திருடுகிறவன் வருவான், தார்ப்பாயை அறுக்கிறவன் வருவான், ஓரமாக நிறுத்தியதற்குப் போலீஸ் வரும். அதனால் லைனில் மாத்திரை போட மாட்டோம். நான் மட்டுமில்லை. பிரஷர் உள்ள டிரைவர் யாரைக் கேட்டாலும், "அது வீட்டு மாத்திரைப்பா" என்பார். தண்ணீரும் குறைவாகத்தான் குடிப்போம். இடுப்பு வலிக்கு மட்டும் கிடைத்த கடையில் வலி மாத்திரை வாங்கி டீயோடு போட்டுக்கொள்வோம். அந்த மாத்திரை பிரஷரையும் ஏற்றும், கிட்னியையும் அரிக்கும் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

வெள்ளி இரவோ சனி காலையோ வீடு வந்தால் மாத்திரை போடுவேன், தூங்குவேன், மறுபடி போடுவேன். ஞாயிறு பூசைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, இன்னொரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு ஸ்டெல்லா மெஷினை எடுப்பாள். அந்த நேரத்து எண்ணைத்தான் அவள் நம்பினாள். நானும் நம்பினேன். இதில் நான் எதையும் மறைக்கவில்லை. லைனில் போடுகிறாயா என்று அவள் கேட்டதில்லை, அதைச் சொல்ல வேண்டிய விஷயமாக எனக்கும் தோன்றியதில்லை.

"மெஷின்ல தப்பில்ல," என்றார் டாக்டர். "நீங்க காட்டின நாளோட பிரஷரை அது சரியாத்தான் சொல்லியிருக்கு." பிறகு, "எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. தண்ணி மருந்து இல்லாத மாத்திரை எவ்வளவோ இருக்கு. மாத்திக் குடுத்திருப்பாரு," என்றார்.

அவர் போன பிறகு ஸ்டெல்லா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ நாலு வருஷமா நான் யாரு பிரஷரைப் பாத்தேன்?" என்றாள்.

"எம் பிரஷர்தான்."

"இல்ல. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்ற விருந்தாளியோட பிரஷர். கைக்கு, ஏன் இப்டி பண்ணீங்க? ஒரு வார்த்தை! ஒண்ணுக்கு வருதுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்ல வெக்கமா?"

வெளியே போய்விட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். அந்தக் கஞ்சியையே இன்னொரு டம்ளரில் ஊற்றி, என் எதிரில் உட்கார்ந்து, அவளும் குடித்தாள். உப்பில்லாத கஞ்சி குடித்தவர்களுக்குத் தெரியும், அது வாயில் இருப்பதே தெரியாது. தொண்டைக்குள் வெந்நீராக இறங்கும்.

மறுநாள் ஒரு ஐந்து லிட்டர் கேனைக் கொடுத்தார்கள். ஒரு பகல் ஒரு இரவு சிறுநீர் முழுவதையும் அதில் பிடிக்க வேண்டும், ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. எவ்வளவு புரதம் ஒழுகுகிறது என்று கணக்கிடவாம். நல்ல கிட்னி புரதத்தை விடாது. நுரைத்துக்கொண்டு போனால் ஒழுகுகிறது என்று அர்த்தம். எனக்கு ஒரு வருடமாக நுரைத்தது. கழிப்பறை கழுவிய சோப்பு நுரை என்று நினைத்திருந்தேன். ஸ்டெல்லா கேனைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, "இப்போ எங்கயும் நிறுத்த வேணாம். நல்லா போங்க," என்றாள். நாலு நாளில் அவள் முதல்முதலாகச் செய்த கேலி அதுதான்.

பக்கத்துக் கட்டிலில் கார்த்திக் என்று ஒரு பையன். பையன் என்று சொல்கிறேன், முப்பத்தைந்து இருக்கும். கோயம்புத்தூர்க்காரர், மாதாப்பூரில் சாப்ட்வேர் வேலை.

"லாரிங்களா அண்ணா? நானும் உக்காந்த வேலைதானுங்க. நீங்க உக்காந்துட்டே ஊர் சுத்துனீங்க. நான் உக்காந்துட்டே உக்காந்திருந்தேன்," என்றார்.

அவர் மணிக்கட்டில் ஒரு வாட்ச் இருந்தது. எத்தனை அடி நடந்தார், எப்படித் தூங்கினார் என்றெல்லாம் சொல்லுமாம்.

"பிரஷர் சொல்லுமா?" என்றேன்.

"அது ஒண்ணு மட்டும் சொல்லாதுங்ணா. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆபீஸ்ல வருசா வருசம் செக்கப் பண்ணுவாங்க. எப்பவும் அதிகமாத்தான் வரும். காபி குடிச்சிட்டு வந்தேன், லிப்ட் வேலை செய்யல, மேனேஜர் மூஞ்சியப் பாத்தேன்னு எதையாச்சும் சொல்லிக்குவேன்."

"வீட்டுல தெரியுமா?"

"அம்மாகிட்டச் சொன்னா அடுத்த ரயில்ல வந்துருவாங்க. வந்தா அழுவாங்க. அழுதா அவங்களுக்குப் பிரஷர் ஏறும். அப்புறம் இந்தக் கட்டில் பத்தாதுங்க."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். மெஷினில் படுக்க வேண்டி வருமா என்று எனக்கு இருந்த கேள்வியேதான் அவருக்கும் இருந்தது. அவருடைய கிட்னி என்னுடையதைவிட மோசம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அதற்கு மறுநாள் காலை அவரைச் சக்கர நாற்காலியில் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனார்கள். கழுத்து நரம்பில் குழாய் வைத்திருந்தார்கள். மத்தியானம் தாண்டித் திரும்பக் கொண்டுவந்தார்கள். கட்டிலில் ஏறிச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விட்டு, "எப்படி இருந்துச்சு தம்பி?" என்று கேட்டேன்.

"குளிருதுங்ணா," என்றார். அவ்வளவுதான்.

ஸ்டெல்லா எழுந்து போய்த் தன் சால்வையை அவர் மேல் போர்த்தினாள். வெளியே மே மாத வெயில். சால்வைக்குள் அவர் முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று அவர் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தது ஜென்னிதான். அவர் என்ன பேசினார் என்று கேட்காமலிருக்க நாங்கள் மூன்று பேரும் வராந்தாவுக்குப் போய்விட்டோம். பிறகு அவரை மேல்மாடிக்கு மாற்றினார்கள். நான் அவரை மறுபடி பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கண் ஏறக்குறையத் தெளிந்திருந்தது. மாத்திரைகளை மாற்றியிருந்தார்கள். லாரி ஓனர் ஆப்பிளோடு வந்து பார்த்தார். என் வண்டியை வேறு ஒருவர் ஓட்டுவதாகச் சொல்லிவிட்டு, பாலாநகர் ஷெட்டில் லோடு எழுதும் வேலைக்கு வரச் சொன்னார். நல்ல மனிதர். அவர் போகும்வரை அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பிரஷர் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதையும் ஆஸ்பத்திரியில்தான் கற்றுக்கொண்டு வந்தோம். அரை மணி முன்னால் டீ, காபி, பீடி கூடாது. முதலில் ஒண்ணுக்குப் போய்விட்டு வர வேண்டும், அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் எண் ஏறும். முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டையும் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். சட்டை மேல் சுற்றக் கூடாது, வெறுங்கையில் சுற்ற வேண்டும். கை நெஞ்சு உயரத்துக்கு மேஜை மேல் இருக்க வேண்டும். பேசக் கூடாது. இரண்டு தடவை பார்க்க வேண்டும், காலையில் மாத்திரைக்கு முன்பும் சாயங்காலமும், எல்லா நாளும். ஐந்து நிமிடம் சும்மா உட்காருவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

இந்த வேலையை ஸ்டெல்லா எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கு நக்கோ, வேணாம் அந்த மெஷினு," என்று ஜென்னியிடம் தள்ளிவிட்டாள். ஜென்னி போலீஸ் மாதிரி. வாயைத் திறந்தால், "மாட்லாடொத்து டாடி! பேசினா மறுபடி முதல்லருந்து," என்பாள். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாருக்கும் நான் அப்படி அடங்கி உட்கார்ந்ததில்லை. எண்கள் மெதுவாக இறங்கின. நூற்று அறுபது, நூற்று ஐம்பது, பிறகு நூற்று முப்பதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. ஊறுகாய் போனது, கருவாடு போனது, அப்பளம் போனது. டீ குடிக்கும்போதுகூட உப்பு நினைவுக்கு வரும். என்றாலும் எண்ணைப் பார்க்கும்போது ஒரு நம்பிக்கை வந்தது. மறுபடி லைனுக்குப் போகலாம், பக்கத்து ஊர்களுக்காவது போகலாம் என்று மனதுக்குள் ரூட் போட ஆரம்பித்தேன்.

மழைக்காலம் முடிகிற சமயம் மறுபரிசோதனை. டாக்டர் என் பிரஷர் எண்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க," என்றார். ஜென்னிக்கு முகம் மலர்ந்தது. அடுத்து ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்தார்.

"கிரியேட்டினின் ஏறிக்கிட்டுதான் இருக்கு. நாம வர லேட்டாயிடுச்சு."

ஜென்னி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"அப்போ இவ்ளோ நாள் பண்ணதெல்லாம் வேஸ்ட்டா?" என்று ஜென்னி தமிழில் கேட்டாள். என்னிடமா டாக்டரிடமா என்று தெரியவில்லை.

நான் தெலுங்கில் அதைச் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டினார். "வேஸ்ட் இல்ல. இது இல்லேன்னா அவரு இந்நேரம் மெஷின்ல இருப்பாரு. பக்கவாதம்கூட வந்திருக்கும். இன்னும் எத்தனை மாசம் தள்ளிப் போடலாம்கிறதை பிரஷர்தான் முடிவு பண்ணும். ஆனா தள்ளிப் போடத்தான் முடியும்."

கழுத்தில் குழாய் வைக்கிற நிலைமை வராமலிருக்க முன்கூட்டியே கையைத் தயார் செய்துவிடலாம் என்றார். மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். தமனியின் வேகத்தில் சிரை சில வாரங்களில் தடித்து, மெஷினின் ஊசி ஏறுகிற அளவுக்கு வரும். எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று கேட்டார். வலது என்றேன். அப்படியானால் இடது கை. இடது கைதான் கியர் போடுகிற கை.

மரத்துப்போகும் ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே செய்தார்கள். இனிமேல் அந்தக் கையில் ஊசி குத்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அதன் மேல் படுக்கக் கூடாது, பிரஷர் பட்டையைச் சுற்றவே கூடாது. தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தம் ஓடுகிற அதிர்வு விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடைத்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஓடிவர வேண்டும்.

கட்டுப் பிரித்த அன்று சாயங்காலம் மேஜை முன் உட்கார்ந்தேன். ஜென்னி மெஷினோடு வந்தாள். பழக்கத்தில் பட்டையை இடது கைக்குக் கொண்டுபோனவள் தையலைப் பார்த்து நின்றாள். நாற்காலியைச் சுற்றி வலது பக்கம் வந்தாள்.

ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மாதக்கணக்காக இந்த நேரத்தில் இந்தப் பக்கமே வராதவள், என் இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள். வைத்தவள் திடுக்கிட்டு எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"என்னங்க இது? உள்ள என்னமோ ஓடிக்கிட்டே இருக்கு!"

"லோடு ஏத்திட்டு, எஞ்சினை ஆன் பண்ணி, நியூட்ரல்ல போட்டு நிறுத்தினா இப்டித்தான் இருக்கும்," என்றேன்.

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நிறுத்தினா ஆபத்தாம். ஓடிக்கிட்டேதான் இருக்கணும்."

"பேசாதீங்க ரெண்டு பேரும்," என்றாள் ஜென்னி. பட்டை வலது கையில் உப்பி இறுக ஆரம்பித்தது. ஸ்டெல்லா விரலை எடுக்கவில்லை.